நாவும் நூற்பாவும்: ஓர் இத்தாலியச் செந்தேறலைச் சுவைத்தல்

(வட்டத்தின் திங்கள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



‘சுவை’ என்னும் தலைப்பின்கீழ் எதைப் பற்றியும் பேசலாம் என்று செயலர் அவர்கள் உரிமை வழங்கினார்கள். மெய்ப்பாட்டியலை எடுத்துக்கொள்வேன் என அவர்கள் எதிர்பார்த்திருக்கக்கூடும். தொல்காப்பியரின் எண்வகை மெய்ப்பாட்டையும் வடநூலாரின் ஒன்பான் சுவையையும் ஒப்பிட்டு இதே அவையில் முன்னரே பலர் பேசியிருக்கின்றனர். எனவே இன்று மெய்ப்பாட்டை விடுத்து, சுவை என்னும் சொல் முதன்முதல் குறித்த இடத்துக்கே, அதாவது நாவுக்கே, திரும்பலாம் என்று எண்ணினேன். நான் எடுத்துக்கொண்ட பொருள் இத்தாலி நாட்டின் டஸ்கனிப் பகுதியில் உருவாகும் ஒரு செந்தேறல்; பலவகைத் திராட்சைகளின் கலவையால் ஆன ஒயின்.

முதல் வரிசையில் சில புருவங்கள் உயர்வதைக் காண்கிறேன். வள்ளுவர் கள்ளுண்ணாமைக்கென்றே ஓர் அதிகாரம் வகுத்தவர். அவர் சொல்லை மறுக்க நான் இங்கு வரவில்லை. இது குடியைப் பரிந்துரைக்கும் உரையன்று. எனினும், ஒரு தமிழாசிரியை இதைப் பேசலாமா என்று கேட்போர் ஔவையாரை நினைத்துக்கொள்வாராக. அதியமான் மறைந்தபின் அவர் பாடிய கையறுநிலைப் பாட்டில், தம்மோடு அம்மன்னன் கள்ளைப் பகிர்ந்துண்ட நாள்களைத்தான் முதலில் நினைவுகூர்கிறார். நக்கீரரோ பாண்டியன் நன்மாறனை வாழ்த்தும்போது, யவனர் கொணர்ந்த மணம்மிக்க தேறலை அவன் அருந்தி இனிதிருக்க வேண்டும் என்கிறார். யவனர் என்ற சொல் கிரேக்கரையும் உரோமரையும் ஒருங்கே குறித்தது. 1945இல் மார்ட்டிமர் வீலர் அரிக்கமேட்டில் நடத்திய அகழாய்வில் கிடைத்த இருகைப்பிடிச் சாடிகளின் ஓடுகளுள் இத்தாலியின் கம்பானியாப் பகுதியிலிருந்து வந்தவையும் உண்டு. இத்தாலியத் தேறல் தமிழ்க் கரைக்குப் புதிய விருந்தாளி அன்று என்பதை மட்டும் சொல்லி இதைக் கடந்து செல்கிறேன்.

‘தேறல்’ என்ற சொல்லையே இவ்வுரை முழுதும் ஆள விழைகிறேன். தேறுதல் என்பது தெளிதல். வண்டல் அடியில் தங்க, மேலே தெளிந்து நிற்பதே தேறல். ஒயின் என்னும் பொருளுக்கு இதைவிடப் பொருத்தமான சொல்லை வெளியே தேட வேண்டியதில்லை.

ஃபிளாரன்ஸ் நகருக்கும் சியனா நகருக்கும் இடையே குன்றும் சரிவுமாகக் கிடக்கும் நிலம் கியாந்தி. சைப்ரஸ் மரங்களும் ஒலிவத் தோப்புகளும் திராட்சை வரிசைகளும் மாறிமாறி வரும் அந்நிலத்தில் தின்யனெல்லோ என்றொரு தோட்டம் இருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 350 முதல் 400 மீட்டர் உயரத்தில், தென்மேற்கு நோக்கிய சரிவில், சுண்ணாம்புக் கல் நிறைந்த மண்ணில், 57 ஹெக்டேர் பரப்பில் அது விரிந்துள்ளது. அத்தோட்டத்தின் பெயரையே அங்குப் பிறக்கும் தேறலுக்கும் இட்டிருக்கின்றனர். உடையவர் அந்தினோரி குடும்பத்தார். 1385ஆம் ஆண்டில் அக்குடும்பத்தின் முன்னோர் ஒருவர் ஃபிளாரன்ஸ் நகரத் தேறல் வணிகர் குழுவில் உறுப்பினராகச் சேர்ந்தார்; அன்றுதொட்டு அக்குடும்பம் இத்தொழிலை விடவில்லை.

கருத்தரங்கு ஒன்றன்பொருட்டு ஃபிளாரன்ஸ் சென்றிருந்தபோது, அங்குள்ள தோழியார் ஒருவர் தம் இல்லத்தில் இத்தேறலின் இரு புட்டிகளைத் திறந்தார். ஒன்று ஐந்தாண்டு அகவையது. மற்றது இருபதாண்டைக் கடந்தது. அறிந்தோர் ஒருவர் அருகிருந்து கற்பித்தாலன்றி நாவுக்கு எழுத்தறிவு வாய்ப்பதில்லை என்பதை அன்று உணர்ந்தேன். அத்தோழியார் எனக்கு முதலில் கற்பித்தது விழுங்காதிருத்தலை.

முதலில் காண வேண்டும். வெண்ணிறத் துணியின்மேல் கிண்ணத்தைச் சாய்த்துப் பிடித்தால், நடுவில் ஒரு நிறமும் விளிம்பில் ஒரு நிறமும் தோன்றும். இளைய தேறலில் நடு, மாணிக்கச் சிவப்பாக இருந்தது. விளிம்பில் ஊதாவின் சாயல் இன்னும் கரையாமல் நின்றது. பின்னர்க் கிண்ணத்தை அசைக்காமல் ஒருமுறை முகர வேண்டும். அதன்பின்பே அதைச் சுழற்றி மறுமுறை முகர வேண்டும். இவ்விரண்டும் ஒரே மணம் அல்ல. அசையாக் கிண்ணத்தில் எளிதில் ஆவியாகும் மென்மணங்கள் மட்டும் எழும். எனக்கு அவை ஒரு சிறு மலரின் மணமாகத் தோன்றின. சுழற்றியபோது காற்றுப் பட்டு, உள்ளிருந்த கனத்த மணங்கள் மேலெழுந்தன: புளிப்புச் செர்ரிப் பழம், மழைக்குப்பின் நனைந்த இலை, அதன் பின்னால், வியப்பாக, நம் அடுக்களையின் கிராம்பு. கிராம்பை யாரும் அதில் இடுவதில்லை. தேறலை முதிரவைக்கும் ஓக் மரப் பீப்பாயின் பலகையை வளைப்பதற்காகத் தீயில் வாட்டுவர். அம்மரத்திலிருந்து வெண்ணிலாவின் மணப்பொருளும் கிராம்பின் மணப்பொருளும் தேறலுள் இறங்குகின்றன. கிராம்பில் உள்ள அதே யூஜெனால் ஓக் மரத்திலும் உண்டு என்கிறது வேதியியல்.

அடுத்ததுதான் வாய். ஒரு சிறு மிடறு எடுத்து, நாவின் எல்லாப் பக்கமும் படும்படி உருட்ட வேண்டும். இங்கே சற்று நின்று பேச விரும்புகிறேன்; ஏனெனில் நம் மொழி இவ்விடத்தில் மிகுந்த செல்வமுடையது.

முதலில் வந்தது புளிப்பு. கன்னங்களின் உட்புறத்தில் நீர் ஊறச் செய்யும் புளிப்பு. மாங்காயின் வன்மை அதற்கு இல்லை, நன்கு பழுத்த புளியம்பழத்தின் இணக்கம் உண்டு. அதன்பின் வந்தது துவர்ப்பு. துவர்ப்பை நாம் அறுசுவையுள் ஒன்றாக எண்ணுகிறோம். மேனாட்டு உடலியலார் பலர் அதைச் சுவை என்றே ஏற்பதில்லை. ஊறு, அதாவது தொடு உணர்ச்சி, என்பர். திராட்சையின் தோலிலும் விதையிலும் உள்ள டானின் என்னும் பொருள் உமிழ்நீரின் புரதங்களோடு பிணைந்து அதன் வழவழப்பைக் குறைத்துவிடுகிறது. அதனால் நாவும் ஈறும் ஒன்றையொன்று உரசுகின்றன. அவ்வுரசலே துவர்ப்பு. அவர்கள் சொல்வது மெய்யாகவே இருக்கட்டும். எனினும் கடுக்காயையும் வாழைப்பூவையும் நாவல் பழத்தையும் அறிந்த ஒரு நாவுக்கு, துவர்ப்பு மற்ற ஐந்தோடு சம ஆசனம் பெற்று அமர்ந்தது இயல்பே. ஆங்கிலத்தில் இத்தேறல்களைப் பற்றி எழுதுவோர் துவர்ப்பை விளக்கப் பட்டு, வெல்வெட்டு, சாக்கட்டி, மணற்றாள் என்று துணிக்கடைக்கும் தச்சுப் பட்டறைக்கும் ஓடுகின்றனர். தமிழ் நாவுக்கு நாவற்பழம் ஒன்று போதும். இனிப்பு, புளிப்பு, துவர்ப்பு என்னும் மூன்றும் அப்பழத்தில் எந்த வரிசையில் வந்து எந்த வரிசையில் விலகுகின்றனவோ, ஏறத்தாழ அவ்வரிசையிலேயே இத்தேறலும் நடந்துகொண்டது. ஒன்றே வேறுபாடு. நாவற்பழம் நாவைக் கட்டிவிட்டுப் போய்விடுகிறது. இது விழுங்கியபின்னும் மூக்கின் பின்புறமாகத் திரும்பி வந்தது. நாம் சுவை என்று சொல்வதில் பெரும்பகுதி இவ்வாறு தொண்டையின் வழியே மூக்குக்கு ஏறும் மணமே.

சொற்களைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டதால், கவிஞர்கள் கேட்டு மகிழத்தக்க, அல்லது கலங்கத்தக்க, ஒரு சோதனையைக் குறிப்பிட வேண்டும். பிரான்சின் போர்தோ நகரில் தேறலியல் பயின்ற 54 மாணாக்கரிடம் ஒரு வெண்தேறலையும் ஒரு செந்தேறலையும் தந்து, மணங்களை விவரிக்கச் சொன்னார்கள். பின்னொரு நாளில் அதே வெண்தேறலையும், மணமற்ற செஞ்சாயம் கலந்த அதே வெண்தேறலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கொடுத்தார்கள். மாணாக்கர் சாயமிட்ட வெண்தேறலுக்குச் செந்தேறலுக்குரிய சொற்களையே எழுதினர். மொரோ, புரோஷே, துபூர்தியே ஆகிய மூவரும் 2001இல் வெளியிட்ட ஆய்வு இது. ‘தேறல் வல்லுநர்களின் முகத்திரை கிழிந்தது’ என்று இதைச் சிலர் கொண்டாடுகின்றனர். நான் அப்படிக் கருதவில்லை. அம்மாணாக்கரின் மூக்கு பழுதானது அன்று. கண் முந்திக்கொண்டு ஒரு சொல்லை எடுத்து நீட்டியது, மூக்கு அதை ஏற்றுக்கொண்டது. நூலின் அட்டையில் எழுதியவர் பெயரைக் கண்டவுடனேயே உள்ளே இருக்கும் கவிதைக்குரிய பாராட்டுச் சொற்கள் நம் வாயில் ஊறிவிடுகின்றனவே, அதுவும் இதுவும் ஒன்றே. இவ்வவையில் யாரையும் சுட்டவில்லை.

ஆகவே அன்று மாலை தோழியாரிடம் ஒரு வேண்டுகோள் வைத்தேன். இதில் என்ன கலந்திருக்கிறது என்பதை நான் சுவைத்து முடிக்கும்வரை சொல்லவேண்டா என்றேன். என் நாவுக்கு இரண்டு குரல்கள் கேட்டன. ஒன்று உயர்ந்து, மெலிந்து, புளிப்போடு முன்னே சென்றது. மற்றது கீழிருந்து, இருண்டு, அகன்று, அதைத் தாங்கியது. மூன்றாவது ஒன்று, பசும் இலையின் வாடை போன்றது, இருப்பதாகவும் இல்லாததாகவும் போக்குக் காட்டியது. பின்னர் அவர் விளக்கினார். முன்னே செல்லும் குரல் சான்ஜொவேசே, டஸ்கனியின் மண்ணுக்குரிய கருந்திராட்சை. கலவையில் ஏறத்தாழ நூற்றுக்கு 80 பங்கு. அடித்தளம் இடுவது பிரான்சிலிருந்து வந்த கபர்நே சொவீன்யோன். ஏறத்தாழ 15 பங்கு. போக்குக் காட்டியது கபர்நே ஃப்ராங். எஞ்சிய 5 பங்கு.

சான்ஜொவேசே தனித்து நின்றால் நிறம் வெளிறியது, புளிப்பு மிகுந்தது, துவர்ப்புக் கூரியது. நல்ல ஆண்டில் அது தேவகானம், குளிர்ந்த ஆண்டில் வெறும் கூச்சல். கபர்நே சொவீன்யோனோ தடித்த தோலும் சிறிய கனியும் உடையது. அதனால் நிறமும் உடலும் தருகிறது. இம்மூன்றையும் ஒரே தொட்டியில் கொட்டி நொதிக்க வைப்பதில்லை. ஒவ்வொன்றையும் தனித்தனியே நொதிக்கவைத்து, தனித்தனியே 225 லிட்டர் கொள்ளும் சிறு பீப்பாய்களில் ஓராண்டுக்கு மேல் முதிரவைத்து, அதன்பின் சுவைத்துப் பார்த்துக் கலக்கிறார்கள்.

இதில் என்ன பெரிய செய்தி இருக்கிறது, மூன்று பழங்களைக் கலந்தார்கள் என்று கேட்கலாம். என்ன கலந்தார்கள் என்பதை மட்டும் அறிந்தால் இத்தேறலைச் சுவைத்தவர் ஆகமாட்டோம். எதை விலக்கினார்கள் என்பதில்தான் இதன் வரலாறே அடங்கியுள்ளது. அதற்கு 1872ஆம் ஆண்டுக்குப் போகவேண்டும்.

பெத்தினோ ரிக்காசோலி என்பவர் கியாந்தியின் புரோலியோக் கோட்டைக்கு உரிய பிரபு. ஒன்றுபட்ட இத்தாலியின் தலைமையமைச்சராகக் கவூருக்குப்பின் 1861இல் பொறுப்பேற்றவரும் இவரே. அரசியலில் கடுமையானவர் எனப் பெயர் பெற்ற இவர், தம் தோட்டத்தில் பல்லாண்டு ஆய்வு செய்து, கியாந்தித் தேறலின் கலவை எப்படி இருக்கவேண்டும் என்பதை 1872இல் பீசாவின் பேராசிரியர் ஸ்துதியாத்திக்குக் கடிதமாக எழுதினார். அதன் கருத்து இதுதான். சான்ஜொவேசே தேறலுக்கு மணத்தையும் ஓர் எழுச்சியையும் தருகிறது. கனயோலோ என்னும் மற்றொரு கருந்திராட்சை, அம்மணத்தைக் கெடுக்காமல் அதன் வன்மையைத் தணிக்கிறது. மால்வசீயா என்னும் வெண்திராட்சை தேறலை இலேசாக்கி, அன்றாட உணவோடு இளமையிலேயே அருந்த ஏற்றதாக்குகிறது. ஆனால், நெடுநாள் முதிரவைக்கக் கருதும் தேறலில் மால்வசீயாவைத் தவிர்த்துவிடலாம்.

இறுதித் தொடரைக் கவிஞர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறேன். அது ஒரு புறனடை. நம் இலக்கண நூல்களில் நூற்பாவைச் சொல்லி முடித்தபின் ஆசிரியர் புறனடை கூறுவாரல்லவா, அத்தகையது.

95 ஆண்டுகளுக்குப்பின், 1967இல், இத்தாலிய அரசு கியாந்தி என்னும் பெயருக்குரிய சட்டத்தை வகுத்தது. கியாந்தி என்று பெயரிட வேண்டுமாயின் சான்ஜொவேசே 50 முதல் 80 பங்கு, கனயோலோ 10 முதல் 30 பங்கு, வெண்திராட்சைகள் 10 முதல் 30 பங்கு இருந்தே ஆகவேண்டும் என்றது. வெண்திராட்சை என்பது மால்வசீயா மட்டுமன்று. மிகுந்து விளைவதும் மணம் குறைந்ததுமான டிரெப்பியானோவும் அதில் அடக்கம். முதிரவைக்கும் தேறலுக்குப் பிரபு தந்த விலக்கு சட்டத்தில் இல்லை. நூற்பா நின்றது, புறனடை உதிர்ந்துவிட்டது. பழைய கலப்புத் தோட்டங்களில் டிரெப்பியானோக் கொடிகள் ஏராளமாக இருந்தமையும், வைக்கோல் சுற்றிய குண்டுப் புட்டிகளில் மலிவாக விற்கத் தேறல் மிகுதியாகத் தேவைப்பட்டமையும் சட்டத்துக்கு இசைவாக அமைந்தன என்று கருத இடமுண்டு. ஆனால் சட்டத்தின் வாயில் இருந்த சொல் ‘மரபு’.

என்னைப் பல நாள் சிந்திக்க வைத்தது இதுதான். வெண்திராட்சை கலந்த கியாந்தி மரபன்று என்று யாரும் சொல்ல முடியாது, மரபே. ஆனால் அம்மரபை மொழிந்தவரே அதன் எல்லையையும் மொழிந்திருந்தார். பின்வந்தோர் அவர் பெயரைப் போற்றினர், அவர் கடிதத்தைப் போற்றினர், அக்கடிதத்தின் கடைசித் தொடரை மட்டும் படிக்காமல் விட்டனர்.

இனி 1971. பியேரோ அந்தினோரி, தம் தின்யனெல்லோத் தோட்டத்துத் தேறலைக் கியாந்தி என்னும் பெயரைத் துறந்து வெளியிட்டார். அவருக்குத் துணை நின்றவர் ஜாக்கோமோ தாக்கிஸ் என்னும் தேறல் வல்லுநர். போர்தோவின் பேராசிரியர் எமில் பெய்னோவின் அறிவுரையும் இருந்தது. அதற்குச் சற்று முன்பே அவர்தம் உறவினரான மாரியோ இன்சீசா தெல்லா ரொக்கேத்தா, கடலோரப் போல்கெரியில் கபர்நே கொண்டு ஆக்கிய சஸ்ஸிக்காயா என்னும் தேறலின் 1968ஆம் ஆண்டு அறுவடை விற்பனைக்கு வந்திருந்தது. சட்டத்துக்கு வெளியே நிற்பவற்றுக்கு இத்தாலியில் அன்று ஒரே வகுப்புத்தான் இருந்தது: ‘வீனோ தா தாவோலா’, உணவு மேசைத் தேறல். பெயரும் ஊரும் இல்லாத, சாலையோர உணவகத்தில் குவளையில் ஊற்றித் தரும் தேறலுக்குரிய கடைசி வகுப்பு அது. நாட்டின் மிகச் சிறந்த தேறல்களுள் ஒன்று, தானே விரும்பி அக்கடைசி வரிசையில் போய் அமர்ந்தது. 1975 முதல் வெண்திராட்சை அறவே நீங்கியது. 1982 முதல் இன்றுள்ள கலவை விகிதம் நிலைபெற்றது.

இதன் பின்விளைவைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1977இல் மோந்தேவெர்த்தினே என்னும் தோட்டத்தார் சான்ஜொவேசே மட்டுமே கொண்ட தேறலை ஆக்கினர். அதுவும் கியாந்திச் சட்டத்துக்கு மாறே. அந்நிலத்தின் திராட்சையை மட்டுமே கொண்ட தேறல், அந்நிலத்தின் பெயரைத் தாங்க இயலாமற் போன விந்தையைக் காண்க. 1992ஆம் ஆண்டுச் சட்டம் இத்தகைய தேறல்களுக்கென இடைப்பட்ட வகுப்பு ஒன்றை ஏற்படுத்தியது. தின்யனெல்லோவின் சீட்டில் இன்று ‘டஸ்கனி’ என்னும் பரந்த பெயர் அவ்வகுப்பின்கீழ் நிற்கிறது. கியாந்தி கிளாசிக்கோ என்னும் நடுநிலப்பகுதி 1996இல் தனி விதி பெற்றபோது, சான்ஜொவேசே மட்டுமே கொண்ட தேறலுக்கும் இடம் கிடைத்தது. 2006ஆம் ஆண்டு அறுவடை முதல் அங்கு வெண்திராட்சை கலப்பது தடைசெய்யப்பட்டது. ஒரு காலத்தில் கட்டாயமாக இருந்தது, பின்னர்க் குற்றமாயிற்று. அங்கு இன்றைய விதி, சான்ஜொவேசே குறைந்தது 80 பங்கு, மற்றக் கருந்திராட்சைகள் 20 பங்கு வரை என்பது. தின்யனெல்லோவின் கலவையோடு இதை ஒட்டிப் பாருங்கள். விதியே நடந்துவந்து அத்தேறலின் வாயிலில் நிற்கிறது. தேறல் மட்டும் பழைய பெயருக்குத் திரும்பவில்லை.

இவ்விடத்தில் கைதட்டல் எழக்கூடும் என்று அஞ்சுகிறேன். குறிப்பாகப் புதுக்கவிதை பயில்வோர் பக்கத்திலிருந்து. சற்றுப் பொறுக்க வேண்டும். இக்கதைக்கு மறுபக்கமும் உண்டு.

தின்யனெல்லோவும் சஸ்ஸிக்காயாவும் புகழ் பெற்றபின், டஸ்கனி எங்கும் அவற்றின் நிழல்கள் முளைத்தன. கபர்நே, மெர்லோ முதலிய பிரெஞ்சுத் திராட்சைகளை மிகுதியாகக் கலந்து, புத்தம் புதிய ஓக் பீப்பாய்களில் நெடுங்காலம் வைத்து, கறுத்த நிறமும் வெண்ணிலா மணமும் கொண்ட தேறல்கள் வந்து குவிந்தன. அவற்றுள் பல, கலிஃபோர்னியாவில் பிறந்தனவா கியாந்தியில் பிறந்தனவா என்று நாவால் பிரித்தறிய இயலாதவை. அவையும் விதியை மீறியவையே. ஆனால் அந்தினோரி மீறியதற்குப் பின்னால் ஒரு நாவின் தீர்ப்பு இருந்தது; இவற்றின் பின்னால் அந்தினோரி இருந்தார், அவ்வளவே. சீர்தளைகளை விட்டொழித்தால் போதும், கவிதை தானே வந்துவிடும் என்று எண்ணி எழுதப்பட்டவை நம் வட்டத்தின் கையெழுத்துப் படிகளிலும் உண்டு. எதுகை மோனை இருந்தால் போதும் என்று எண்ணி எழுதப்பட்டவையும் அதே கட்டில்தான் இருக்கின்றன. இரண்டிலும் எழுதியவரின் நா வேலை செய்யவில்லை.

என் தனிப்பட்ட கருத்தையும் மறைக்காமல் சொல்கிறேன். இளைய தின்யனெல்லோவில் ஓக் மரத்தின் குரல் சற்று மிகுதி என்றே எனக்குப்பட்டது. கிராம்பு விருந்தாளியாக வந்து கூடத்தில் அமர்ந்துகொண்டது. தோழியார் இதை ஒப்பவில்லை. ‘இது இப்போது பேசும் தேறல் அன்று, பின்னர்ப் பேசும்’ என்றார். கபர்நே சேர்ந்திராவிட்டால் இன்னும் நன்றாக இருந்திருக்குமோ என்று கேட்டேன். அது வேறொரு தேறல் என்பது அவர் விடை. அதுவும் சரியே. கலவையில் ஒன்றை நீக்கினால் எஞ்சுவது குறைபட்ட அதே பொருளன்று, வேறு பொருள்.

பிறப்பைப் பற்றி ஒரு சிறு செய்தி. கபர்நே சொவீன்யோன் எங்கிருந்து வந்தது என்பது நெடுங்காலம் புதிராக இருந்தது. 1997இல் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தார் மரபணு ஆய்வின்வழி அதன் பெற்றோரைக் கண்டறிந்தனர். ஒன்று கபர்நே ஃப்ராங். மற்றது சொவீன்யோன் பிளாங், ஒரு வெண்திராட்சை! ஆக, தின்யனெல்லோவின் கிண்ணத்தில் தாயோ தந்தையோ ஆகிய ஃப்ராங்கும் அதன் சேயும் ஒருங்கே இருக்கின்றன. வாயில்வழி விரட்டப்பட்ட வெண்திராட்சையின் குருதியும் சேயின் வழியே உள்ளே இருக்கிறது. தூய்மை பேசுவோர் இதைக் கேட்டு என்ன செய்வரோ அறியேன்.

உணவு வந்தது. டஸ்கனியர் ரொட்டியில் உப்பிடுவதில்லை. உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்னும் நம் பழமொழி அங்குச் செல்லாது. அந்த உப்பில்லா ரொட்டியை ஒலிவ எண்ணெயில் தோய்த்து உண்டபின் இளைய தேறலை மீண்டும் பருகியபோது, அதன் துவர்ப்பு பெரிதும் அடங்கியிருந்தது. எண்ணெயும் புலாலின் கொழுப்பும் புரதமும் டானினின் கூர்மையை மழுக்குவன என்பது பட்டறிவு. இத்தேறலைத் தனியே வைத்து மதிப்பெண் இடுவோர், பாட்டை இசையிலிருந்து பிரித்து அலகிட்டுப் பார்ப்போரைப் போன்றவர். அலகிடுதல் வேண்டியதுதான், ஆனால் பாட்டு அங்கே முடிந்துவிடுவதில்லை.

மூத்த புட்டியை முற்பகலிலேயே நிமிர்த்தி வைத்திருந்தார் தோழியார். வண்டல் அடியில் இறங்க வேண்டும் என்பதற்காக. தக்கையை எடுத்து, புட்டியின் கழுத்துக்குப் பின்னால் ஒரு மெழுகுவத்தியை ஏற்றி, ஒரே சீராகக் கண்ணாடிக் குடுவைக்குள் சாய்த்தார். கழுத்தருகே கருமை தென்பட்ட கணத்தில் நிறுத்திவிட்டார். புட்டியின் அடியில் இரண்டு விரற்கடை எஞ்சியது. நம் வீடுகளில் வடித்தெடுப்பதை ஒத்த செய்கை. தேறல் என்னும் சொல் என் கண்முன் நிகழ்ந்தது.

அதன் நிறம் மாறியிருந்தது. மாணிக்கம் மாதுளைச் சாறாகி, விளிம்பில் செங்கல் நிறம் படர்ந்திருந்தது. முகர்ந்தபோது கிராம்பு எங்கே என்று தேடினேன். இருந்தது, ஆனால் தனியே இல்லை. உலர்ந்த செர்ரி, பழைய தோல் அட்டை நூல், புகையிலை, ஈரமான காட்டுத் தரை என்று அடுத்தடுத்து வந்தன. இவற்றுள் எது சான்ஜொவேசே, எது கபர்நே என்று இப்போது என்னால் சொல்ல முடியவில்லை. இளைய கிண்ணத்தில் கேட்ட இரு குரல்களும் இங்கே பிரியவில்லை. துவர்ப்பு இருந்தது; உரசல் இல்லை. டானின் துகள்கள் ஆண்டுக்கணக்கில் ஒன்றோடொன்று இணைந்து பெரியவாகி, ஒரு பகுதி வண்டலாகவே படிந்துவிடும் என்று பின்னர் அறிந்தேன். புளிப்பு மட்டும் இளமையோடு இருந்தது. ரிக்காசோலிப் பிரபு சான்ஜொவேசேயில் கண்ட எழுச்சி அதுவாகத்தான் இருக்கவேண்டும். மால்வசீயா கலந்திருந்தால் இருபதாண்டு தாண்டி அது இப்படி நின்றிருக்குமா என்று எண்ணிப் பார்த்தேன். அவர் கடிதத்தின் கடைசித் தொடரை நான் சுவைத்துக்கொண்டிருந்தேன்.

விழுங்கியபின் மணம் எத்தனை நொடி நிற்கிறது என்று பிரெஞ்சுக்காரர் எண்ணுவர். அதற்கென ஓர் அலகே வைத்திருக்கின்றனர். நான் எண்ணத் தொடங்கி, இருபதுக்கு மேல் எண்ண மறந்துவிட்டேன்.

தோழியாரிடம் இதுவரை இத்தேறல் வெளிவந்த ஆண்டுகளின் வரிசையைக் கேட்டேன். அவர் வெளிவராத ஆண்டுகளைச் சொன்னார். 1972, 1973, 1974, 1976, 1984, 1992, 2002. பழம் எண்ணியபடி அமையாத அந்த ஏழு ஆண்டுகளிலும் தின்யனெல்லோ என்னும் பெயரில் ஒரு புட்டிகூட வெளிவரவில்லை. முதல் அறுவடையை அப்பெயரில் வெளியிட்டு, நாட்டின் விதியை எதிர்த்து நின்ற உடனேயே, தொடர்ந்து மூன்றாண்டுகள்! அன்று அந்தினோரியின் எதிர்ப்பாளர் என்னென்ன சொல்லியிருப்பர் என்பதை, ஆண்டு மலருக்குக் கவிதை தர மறுத்த உறுப்பினர்களைப் பற்றி நம் செயலர் அவர்கள் சொல்வதைக் கேட்டவர்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

கலந்துரையாடலுக்கு நேரம் விட்டு அமர்கிறேன்.